முப்பத்தேழு பாகை

பேரின்பநாதன் உரும்பிராயிலிருந்து
பன்னிரண்டு முட்டை கொண்டுவந்தார்.
சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தாராம்.
“ஏறினால் குலுங்குமெல்லோ, மிஸ்.”
பத்தாம் நாள் முட்டை. எதுவும் பொரிக்காதென்று
அவருக்கும் தெரியும்.

ஒன்று கூழ். மற்றவற்றில்
தொடையெலும்பு, மொட்டைக்கறுப்பன் நெல்லளவு.
எலும்பென்று பேர்தான்.
நடுவில் ஒரு வளையம் மட்டும் இறுகத் தொடங்கியிருக்கிறது,
இரு முனையும் ஊசி பட்டால் நெளியும்.
அங்கே இரத்தக்குழாய் போவதில்லை.
ஒட்சிசன் அருந்தல். கலங்கள்
குளுக்கோசை அரைகுறையாய் எரித்துப்
புளிப்பைக் கக்கி வளர்கின்றன,
சங்கக்கடை வரிசைபோல் ஒன்றன்பின் ஒன்றாய்,
முன்னால் நிற்பது வீங்கிச் சாகும்வரை.

கல்சியம் வந்து காத்திருக்கும்.
பொசுபேற்று இரண்டு கைகோத்துக்கொண்டு
இறுகவிடாமல் மறிக்கும்.
நொதியம் எதையும் கட்டாது.
கோத்த கையை வெட்டிவிடும், அவ்வளவுதான்.
மறித்தவையே பிறகு கல்லாகும்.
முதலாம் ஆண்டுக்கு இதைப் படிப்பிக்கும்போதெல்லாம்
இந்த இடத்தில் குரல் கொஞ்சம் அடைக்கும்.
பிள்ளைகள் தண்ணீர்ப்போத்தலை நீட்டுவார்கள்.

மூன்றே காலுக்குக் கறண்ட் நின்றது.
சாயம் விட்டு எட்டு நிமிடம்.
ஜெனறேற்றர் பிரேத அறைக்கு மட்டும் காணும்.
கேத்தில் தண்ணீரில் வைக்கலாமென்று பார்த்தால்
உள்ளெல்லாம் கொக்குவில் கிணற்றுச் சுண்ணாம்பு,
தண்ணீரும் ஆறிக் கிடந்தது.
குழாயை இறுக மூடிச்
சேலைக்குள்ளால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
சுவரோடு சாய்ந்தேன், வலக்காலில் பாரம் வைத்து.

இடக்கால் இரண்டரைச் சென்ரிமீற்றர் கட்டை.
ஒன்பது வயதில், முழங்காலுக்கு மேலே,
சரியாக அந்த வரிசைக்குள் புகுந்தது சன்னம்.
வரிசை கலைந்தது. மற்றக்கால்
பதினைந்து வயதுவரை கேட்காமல் வளர்ந்தது.
சப்பாத்துத் தைக்கிற யேசுராசாவுக்கு
என் கணக்கு மனப்பாடம்.

இருபது நிமிடம். வெளியே காகம், ஓட்டோ.
பேரின்பநாதன் வாசலுக்குள் வராமல் கேட்டார்:
“நிறம் வந்திட்டுதோ?”
எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
இருபத்திரண்டு நெல். ஒவ்வொன்றின் நடுவிலும்
நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம்.

கொப்பியில் வெப்பநிலை: முப்பத்தாறரை.
இன்கியூபேற்றர் இலக்கம் என்ற கட்டத்தில்
கொஞ்சம் யோசித்து எழுதினேன்:
இடது கக்கம்.