ஓசைப்படாமல் கத்துவது

வீட்டைப் பிரித்தபோது வக்கீல் கேட்டார்:
எலிகள் யாருக்கு?
ஒரெஸ்ட் வேலைக்குப் போகும் ஆல்பர்ட்டாவில்
எலி வளர்ப்பது குற்றம்.
எனவே பனி அள்ளும் எந்திரமும் நல்ல சோபாவும் அவனுக்கு.
மூன்று எலிகளும் சட்டப்படி எனக்கு.

மூன்றும் பெண்கள்.
பெயர் வைத்தவன் அவன் என்பதால்
எங்கள் ஊர் ஹாக்கி அணியிலிருந்து எடுத்த பெயர்கள்:
ஹாகன், பெஷார், லுடிக்.
லுடிக் கோலி. கூண்டைத் திறந்தால்
வாசலில் கை அகட்டி நிற்பாள்,
ஒரு பட்டாணிகூட அவளைத் தாண்டி உள்ளே போகாது.

எலி வளையானாலும் தனி வளை என்பார்கள்.
எலிகளைக் கேட்காமல் யாரோ சொன்னது.
நாலு தட்டுக் கூண்டு, தட்டுக்கு ஒரு தொட்டில்,
அவன் விட்டுப்போன ஜெர்சிகளை வெட்டி நான் தைத்தவை.
இருந்தும் ஏழாம் எண் தொட்டிலில் மட்டும்
மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாய்,
எந்த வால் யாருடையதென்று தெரியாமல் தூங்கும்.
தனி வளை எனக்குத்தான் வாய்த்தது.

பகலெல்லாம் தானியக் கிடங்கில்
லாரிகளை எடை போடுகிறேன்.
ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது.
பூட்ஸைக் கழற்றும் முன்பே
கிண்ணத்துத் தண்ணீரில் பட்டாணி மிதக்கவிடுவேன்.
ஹாகன் முங்கிப் பிடிப்பாள்,
பெஷார் ஹாகனிடம் பிடுங்குவாள்.
ஒருநாள் லுடிக்கின் மூக்கோரம் சிவப்பாய்க் கசிய,
ரத்தமென்று பதறி எழுபது கிலோமீட்டர்
பனியில் வண்டி ஓட்டினேன்.
எலிக்குக் கண்ணீரே அந்த நிறம்தான் என்றார் மருத்துவர்,
ஒரு பசுவின் பிரசவத்துக்குக் கிளம்பிக்கொண்டே.

வெள்ளிக்கிழமை ஆட்டம்.
வெளியூர் என்றால் ரேடியோ.
கோல் விழுந்தால் கத்தக் கூடாது.
ஒருமுறை கத்தினேன். மூன்றும் கல்லாய்ச் சமைந்தன,
இருபது நிமிடம் மீசைகூட அசையவில்லை.
அன்றிலிருந்து
தலையணையைக் கடித்துக்கொண்டு கொண்டாடுகிறேன்.
பழக்கம் ஒட்டிக்கொண்டது.
அரங்கிலும், எண்ணூறு பேர் எழுந்து அலறும்போது
நான் கையுறையை வாயில் திணித்தபடி நிற்பேன்.
பக்கத்து இருக்கை வில்மா ஃப்ரீசன்
என்ன துக்கமோ என்று முதுகைத் தடவிக் கொடுப்பாள்.

ஜனவரியில் நிஜ லுடிக்கை
எல்லைக்கு அந்தப் பக்கத்து அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.
மட்டை, முகமூடி, பெண்டாட்டி, கைக்குழந்தை
எல்லாம் ஒரே வேனில் ஏறி
ஒரு மணி நேரத்தில் ஆல்பர்ட்டாக்காரன் ஆகிவிட்டான்.
அவன் பெயரைச் சுமப்பவள் போக முடியாது.
பெயரை மாற்றலாமா என்று யோசித்தேன்.
கூப்பிட்டால் வருகிறாள். பிறகென்ன.

பிப்ரவரி கடைசியில் அவள் அக்குளில் ஒரு கட்டி.
முதலில் பட்டாணி அளவு.
பிறகு எதன் அளவென்று நான் சொல்லப்போவதில்லை.
இரண்டே கால் வயது,
அறுக்க வேண்டாம் என்றார் மருத்துவர்.

பிளே-ஆஃப் அந்த வாரம்தான்.
அங்கே, அவர்கள் பனித்தளத்தில்.
மூன்று பகுதியும் முடிந்து சமநிலை, ஓவர்டைம்.
லுடிக் என் சட்டைப் பைக்குள்.
ஒரெஸ்ட் அரங்கிலிருந்து போன் செய்தான்.
எட்டு மாதத்தில் இரண்டாம் முறை.

முழித்திருக்கிறாளா?
பல்லை நறநறவென்று அரைக்கிறாள் என்றேன்.
மனிதருக்கு அது கோபம், எலிக்குச் சுகம்.
அவனுக்கும் அது தெரியும், கற்றுத் தந்ததே அவன்தான்.
வலியிலும் அரைக்கும் என்று
மருத்துவர் சொன்னதை நான் சொல்லவில்லை.
போனை அவள் தாடையோரம் வைத்தேன்.
எல்லைச் சாவடி எதிலும் நிற்காமல்
அந்தச் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

திடீரென்று போனுக்குள் அரங்கு வெடித்தது.
சட்டென்று வயிற்றில் அழுத்திக்கொண்டேன்.
ரேடியோவுக்கு அது வந்துசேரச்
சில நொடிகள் ஆகும்.
அணைத்துவிட்டேன்.

மறுபடி காதில் வைத்தபோது
யார் கோல் என்று அவன் சொல்லவில்லை.
அவ்வளவு பேர் கத்தும் இடத்தில்
அவன் குரல் மட்டும் கேட்கவில்லை.
பழக்கம் அவனுக்கும் ஒட்டியிருக்க வேண்டும்.

மேல்தட்டிலிருந்து பெஷார் இறங்கி வந்து
கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.
இன்று பட்டாணி போட மறந்திருந்தேன்.