தண்ணி ஊத்தாதே

முதல் செடியைக் கொன்றது நான்தான்.
மாதவரம் நர்சரியில் எண்பது ரூபாய்.
"பாத்துக்கவே வேணாம்ணா,
வாரத்துக்கு ஒரு தபா தண்ணி" என்றான் பையன்.
நம்பவில்லை.
லாரித் தண்ணிக்குக் குடம் வரிசை போட்டு வளர்ந்தவன்,
தண்ணீர் வேண்டாத உயிர் ஒன்று இருக்குமென்று
எப்படி நம்புவேன்?
காலையில் ஒரு சொம்பு. மனசு கேட்காமல்
சாயந்திரம் இன்னொன்று.
பத்தாம் நாள் அடியிலிருந்து கறுத்தது.
பிடுங்கினால் வேர்
ஊறிய நூல்கண்டாய்க் கையோடு வந்தது.

இரண்டாவதுக்குப் பழைய பெயின்ட் பக்கெட்.
ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அடியில் ஏழு ஓட்டை.
கால் பங்கு செம்மண்,
மீதி ஆற்றுமணல், இடித்த சுவரின் செங்கல் நொறுக்கு,
ஒரு பிடி முட்டை ஓடு.
"இதுல புல்லு கூட மொளைக்காது" என்றாள் தவமணி.
ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில்
டிஷ்ஷுக்குத் தெற்கே வைத்தேன்,
நாளெல்லாம் நிழல் விழாத மூலை.

பிறகு எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் வரிசை.
ஹார்பர் கேட்டைத் தாண்ட
ஒரு நாளும் ஆகும், மூன்று நாளும் ஆகும்.
கன்டெய்னருக்குள் என்னவென்று சொல்லமாட்டார்கள்,
சீல் நம்பர் மட்டும்தான் எனக்கு.
திரும்பி வந்தால்
ஊசி ஊசியாய், மேலே பச்சை, அடியில் வெளுப்பு,
என்னைக் கேட்காமலே
ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது.
மணலிக் காற்று அடிக்கிற ராத்திரிகளில்
இலைமேல் கையை ஓட்டி முகர்ந்துகொள்வேன்.
கற்பூரம் இல்லை. தைலமும் இல்லை.

கீழ்வீட்டு அக்காவுக்குக் காசிமேட்டில் மீன் வியாபாரம்.
செடியின் பேரைக் கேட்டதும்
கூடையை இறக்கி வைத்தார்.
"இன்னாது, என் பேரா?
ஃபாதர் வச்ச பேரு, ரோஸ்மேரி.
அம்பத்திரண்டு வருசமா
ஏதோ பூவுன்னு நெனச்சினு இருந்தேன்.
இது இன்னா, தொடப்பங்குச்சியாட்டம் கீது."
போகும்போது ஒரு கொத்துக் கிள்ளினார்,
சங்கரா வயிற்றில் வைத்துப் பொரிக்க.
எப்படி இருந்ததென்று சொல்லவில்லை.
அடுத்த வாரமும் கிள்ளினார்.

கார்த்திகையில் புயல்.
நான் வரிசையில், தவமணி செங்குன்றத்தில் தங்கை வீட்டில்.
வைப்பர் ஆடுவதையே பார்த்திருந்தேன்:
சரி, இரண்டாவதும் போச்சு.

நாலாம் நாள் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து
மாடி ஏறினால் பக்கெட் இல்லை,
ஒரு சிவப்பு வட்டம் மட்டும்.
இறங்கும்போதுதான் பார்த்தேன்.
அக்கா வீட்டு வாசலில், செருப்புகளுக்கு நடுவில்.
பக்கெட்டில் கரிக்கட்டியால்:
ரோஸ்மேரி. தண்ணி ஊத்தாதே.

ஐஸ் பெட்டி வாடை.
உச்சியில் மூன்று கொத்து குறைந்திருந்தது.