பதினேழாம் கிண்ணம்

மண்டபம். வாடகைக் கட்டடம். மாடி.
கீழே ஐஸ் உடைக்கிறார்கள்.
மேலே நான் கஞ்சிப்பாசியைக் காய்ச்சி வடித்து
ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்:
நூற்றில் தொண்ணூற்றெட்டரைப் பங்கு தண்ணீர்,
ஒன்றரைப் பங்குதான் பாசி.
பிறகு இது எப்படி நிற்கிறது?

கவிழ்த்தாலும் கொட்டாத தண்ணீர்.
பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன்,
இன்னும் கொஞ்சம் கூச்சம்,
கதவு தட்டாமல் யார் அறைக்குள்ளோ
நுழைந்துவிட்டதுபோல.

சூட்டில் இழைகள் தனித்தனியே அலைகின்றன.
முப்பத்தெட்டு டிகிரிக்கு இறங்கியதும்
இரண்டிரண்டாகத் திருகிக்கொள்கின்றன.
'கயிறு முறுக்குவதுபோல' என்று எழுதி
அடித்துவிட்டேன்.
கயிற்றை முறுக்க இரண்டு முனையிலும் ஆள் வேண்டும்.
இங்கே ஆளில்லை, ஆறுவதுதான் வேலை.
ஒருமுறை பிடித்துக்கொண்டால்
எண்பத்தைந்துவரை காய்ச்சினால்தான் விடும்.
சேர்ந்த சூட்டில் பிரிவதில்லை.
இதற்கு நீளமான கலைச்சொல் ஒன்று உண்டு.
என் விவாகரத்து வழக்கறிஞரிடம் சொல்லிப் பார்த்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

முப்பது மாதிரிகள்.
இருபத்தொன்பது உறைந்தன.
பதினேழு மட்டும்
பந்தி ரசம்போல் ஆடிக்கொண்டிருந்தது.
காரத்தில் இரண்டு மணி நேரம் வேகவைத்து,
கழுவி, மறுபடி காய்ச்சினேன்.
உறைந்தது, வேண்டாவெறுப்பாக.
மற்றவை நூற்றிருபது கிராம் தாங்கிய ஊசி
நாற்பதிலேயே உள்ளே இறங்கியது.

தராசைச் சந்தேகித்தேன்.
தண்ணீரைச் சந்தேகித்தேன்.
உதவியாளர் செய்யது இபுராகிமைச் சந்தேகித்தேன்,
அவர் அன்று லீவு.

அகச்சிவப்பு வரைபடம் வந்தது.
கந்தகத்துக்குரிய இடத்தில் ஒரு மேடு,
இருக்கக் கூடாத உயரம்.
இழை நேராகப் போகவேண்டிய இடமெல்லாம்
முட்டி மடக்கி நிற்கிறது,
திருகிக்கொள்ள வரும் அடுத்த இழைக்குப் பிடி கிடைக்கவில்லை.
கடலில் இன்னும் ஆறு வாரம் கிடந்திருந்தால்
செடியே அதைக் கழற்றிப் போட்டிருக்கும்.
பிஞ்சு.
பையின் சீட்டிலோ ஜூலை எட்டு என்றிருந்தது,
நம்புக்கனி, முனைக்காடு.

மாதிரிக்கான பணம் வாங்க அவள் வந்தபோது
விரல்களில் பழைய சேலைக் கிழிசல் சுற்றியே இருந்தது,
நேராகத் தண்ணீரிலிருந்து.
நான் எதையும் கேட்கவில்லை.
வேடிக்கை காட்டுவதாக நினைத்து
இரண்டு கிண்ணங்களை முன்னால் வைத்தேன்.
ஒரு கிழிசலை அவிழ்த்துவிட்டு
பெருவிரலால் அமுக்கினாள்.
பதினாறு திருப்பித் தள்ளியது.
பதினேழில் விரல் பதிந்துவிட்டது.

"இது பிஞ்சுல்ல" என்றாள்.
சொன்ன பிறகுதான்
யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது.

கீழே ஐஸ் உடைக்கும் சத்தம் நின்று
மறுபடி தொடங்கியது.

"வட்டிக்காரன் வாசல்ல வந்து உக்காந்துட்டான்.
பறிக்கக் கூடாதுன்னு நாங்களே வச்ச தடை.
மே மாசம், ஒரு விடியக்காலம்,
யாருக்கும் தெரியாம எறங்கிட்டேன்.
ஒரு மால் பைதான்.
ஏவாரி எடுக்கல, இங்க குடுத்தேன்.
சங்கத்துல சொல்லிருவீங்களா?"

எனக்கு அவள் சங்கத்தில் யாரையும் தெரியாது.
அதைச் சொல்லாமல், ஏனோ,
மற்றவர்களுக்குக் கொடுத்த அதே தொகையை
இரண்டு முறை எண்ணிக் கொடுத்தேன்.
அவளும் ஒருமுறை எண்ணினாள்.

இரவு குறிப்பேட்டில் எழுதினேன்:
மாதிரி 17. முதிராதது. நீக்கப்படவில்லை.
தேதிக் கட்டத்தில் ஜூலை எட்டை அடித்தேன்,
மே என்று எழுதப் பேனாவை வைத்தேன்,
எடுத்துவிட்டேன்.
என் பதினெட்டு வருடத்தில்
காலியாக விட்ட முதல் கட்டம்.
தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்.

காலையில் மூடியைத் திறந்தேன்.
எந்தக் கூழும் நாளாக ஆகக் கொஞ்சம் நீர் விடும்,
பிழியாமலே. பாடப் புத்தகத்தில் இருக்கிறது.
பெருவிரல் பதிந்த குழியில்
கால் தேக்கரண்டி அளவு தேங்கியிருந்தது.
ஆய்வகத்தில் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது,
சுவரில் நானே ஒட்டிய விதி.

உப்பில்லை.