பக்கம் முடிகிற இடம்

குணநாயகத்தாரின் மின்மினி றெக்கோடிங் பாரில்
இப்போது சிம் அட்டை விற்கிறார்கள்.
கஸ்தூரியார் வீதியால் போகும்போது அந்த வாசலில்
சைக்கிளை மெதுவாக்குவேன்,
கொடுத்த கடனைக் கேட்கக் கூசுகிறவன் போல.

தொண்ணூற்றிநாலில் ஸ்காபரோவிலிருந்து
றெஜி மச்சான் அனுப்பியவை பதினாலு கசற்.
வெள்ளிக்கிழமைச் சாமம், ஏதோவொரு கல்லூரி றேடியோ,
தன் பேரைக் கடைசிவரை சொல்லாத ஒரு டீஜே
இரண்டு இசைத்தட்டுகளை
ஒன்றோடொன்று கொழுவிவிட்டு வேடிக்கை பார்த்ததை
நித்திரை முழித்துப் பிடித்திருந்தான்.
கிளாலிக் கடலை அவை கடந்தது
பஜனை ஒன்று, பஜனை இரண்டு என்ற பெயரில்.
சோதித்தவன் ஒன்றைப் போட்டுக் கேட்டிருந்தால்
இது எந்தச் சாமிக்கு என்றிருப்பான்.

பற்றரி தடை.
கவிழ்த்த சைக்கிளின் பெடலை நான் சுற்றுவேன்,
டைனமோ முனகும்,
பெரியண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.
என் கை களைத்தால்
ராப் பாடுகிறவனுக்கும் களைக்கும்,
கொட்டாவிக்குள் சொல் இழுபடும்.
அந்தப் பாட்டுகளின் உண்மையான வேகம் எது என்று
இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

பிறகொருநாள் அண்ணன் பதினாலையும்
அரைப்போத்தல் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டார்.
வெறுங் கசற் ஊரில் இல்லாத காலம்.
குணநாயகத்தார் உடைந்த காதுகளுக்கு சலோரேப் ஒட்டி
மேலேயே பதிந்தார்:
சாமத்தியவீடு, வாழ்த்துரை, கோயில் திருவிழா மேளம்.
ஆனால் பாருங்கள்,
யாருடைய கலியாணமும்
சரியாக முப்பதாவது நிமிடத்தில் முடிந்துவிடுவதில்லை.
பேச்சு ஓயும், ஒரு டிக்,
அதன் அடியிலிருந்து வெள்ளிக்கிழமைச் சாமம் எழும்பும்,
நாடா தீரும்வரை.

இந்த வால்களைத்தான் தேடித் திரிகிறேன்.
கொக்குவிலில் ஒரு சாமத்தியவீடு, பதினொரு செக்கன்.
சுழிபுரத்தில் ஒரு அந்தியேட்டி, இரண்டு நிமிடம்,
பாதியில் பூஞ்சணம்.
அந்த வீட்டுக்காரர் தேத்தண்ணி தந்துவிட்டு
தகப்பனின் சாவீட்டை நான் ஏன்
முடிவிலிருந்து கேட்கிறேன் என்று கேட்டார்.
சொன்னேன். அவர் நம்பவில்லை.
ஒன்பது வருடத்தில் எல்லாமாக ஆறு நிமிடம் நாற்பது.

போன கிழமை பாசையூர்.
யூஜினி அக்கா பாரை மீன் துப்பரவாக்கிக்கொண்டிருந்தா.
"அதை நாடா சிக்கி எறிஞ்சாச்சு தம்பி,
போன மாரிக்கு முந்தின மாரி."
நான் எழும்பிவிட்டேன்.
"ஆனா கடைசியிலை ஒரு சத்தம் கிடக்குமெல்லே?
மாமாவின்ரை வாழ்த்துரை முடிஞ்ச கையோடை.
இவர் நிப்பாட்டு நிப்பாட்டு எண்டுவார்.
பொறுங்கோ எண்டு நான் விட்டிடுவன்."

சொல்லிக்கொண்டே கத்திப்பிடியால் பலகையில் தட்டினா.
டும். டும்டும்.
பிறகு வாலிலிருந்து தலைக்கு, எதிர்ச்செதிலில்,
சிறிக், சிறிசிறிக்.
இடையில் ஒரு வெறுமை, சரியான இடத்தில்.
ஃபோனை மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
மூன்று நிமிடத்துக்கு மேல் அடித்தா,
பூனைகூடக் கிட்ட வரவில்லை.

திடீரென்று கத்தி நின்றது.
"இதிலை அந்த ஆள் ஒரு பேர் சொல்லும்."
என்ன பேர்?
"எனக்கெங்கை இங்கிலிசு.
ஆனா எங்கடை ஆக்களின்ரை பேர் மாதிரித்தான் இருந்தது."
பிறகு குடலை எடுக்கத் தொடங்கிவிட்டா.

மச்சான், நீ எப்பவாவது
அந்த றேடியோவுக்கு ஃபோன் எடுத்தனியோ?
பாசையூர்ச் சந்தியிலேயே நின்று அனுப்பினேன்.
இரண்டு நீலச் சரி விழுந்து ஆறு நாள்.
ஃபோன் திரையில் செதில் ஒன்று
இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
நகத்தால் சுரண்டினால்
சத்தம் வருகிறது.