குப்பைத்தொட்டியின் மூடி

பேபி ஆஃப் வேதவதி. பெயர் இன்னும் வைக்கவில்லை.
இருபத்தொன்பது வாரம். எடை,
நந்தினி பால் ஒரு லிட்டர் பாக்கெட்டைவிடக்
கொஞ்சம் கூட.
இரவு எட்டுக்கு என் பொறுப்பில் வருகிறான்.
முதல் வேலை, அவனைத் தொடாமல் இருப்பது.

நர்ஸ் என்றால் எதையாவது
செய்துகொண்டே இருக்கவேண்டும் என்கிறார்கள்.
நானோ இன்குபேட்டர் மேல் போர்த்திய பச்சைத் துணியை
ஒரு முனை மட்டும் தூக்கி
இமைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
உள்ளே விழி ஓடுகிறது. உதடு ஒருமுறை கோணுகிறது.
என்ன கனவு வரும் இவனுக்கு?
மங்கிய சிவப்பும் எங்கள் கையுறையும் தவிர
எதைக் கண்டான்?
ஓடட்டும்.

டயபர், வெப்பம், வாய் துடைப்பு, குழாயில் பால்,
எல்லாம் சேர்த்து ஒரே தடவை,
அதுவும் அவனாக அசைந்த பிறகு.
ரத்தம் எடுக்க வந்த டாக்டர் சுஹாஸிடம்
இருபது நிமிஷம் என்றேன்.
கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
டீ குடிக்கப் போனார்.
குத்தி முடித்ததும் தலையில் ஒரு கை, பாதத்தில் ஒரு கை.
அழுகை அடங்கியும் எடுக்கக் கூடாது.
எடுக்கும்போதும் விரல் விரலாகத்தான்.

அப்பன் ஏழுமலை,
ஸ்ரீராமபுரத்தில் சவுண்டு சர்வீஸ்.
ராஜ்யோத்சவ ஆர்க்கெஸ்ட்ராக்களால்
நவம்பர் முழுக்கத் தூக்கம் கெட்டவர்.
உள்ளே வந்த முதல் நாள்
பிள்ளையைப் பார்க்குமுன் சுவரைப் பார்த்தார்.
காது வடிவில் ஒரு விளக்கு அங்கே,
பச்சை, மஞ்சள், சிவப்பு.
"மீட்டரா?" என்றார்.
அந்த ஒரு சொல்லுக்கே காது சிவந்தது.
பிறகு அவர் பேசியதெல்லாம் பல்லுக்குள்ளே.

மூன்றாம் இரவு, கண்மூடி உட்கார்ந்திருந்தார்.
தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.
"சிஸ்டர், மானிட்டர் இல்ல, மோட்டாரும் இல்ல.
குப்பைத்தொட்டி."

காலை எடுத்தால் மூடி விழும்.
பதினோரு வருஷமாக என் காலே மிதித்த தொட்டி.
எனக்கு அது கேட்டதேயில்லை.
இவனுக்கு ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறது.
கை இரண்டும் விரியும், பத்து விரலும் விறைக்கும்,
ஆக்சிஜன் எண் தொண்ணூற்று மூன்றிலிருந்து
எண்பத்தாறுக்கு இறங்கி,
யோசித்து, ஏறும்.

ஸ்பீக்கர் பெட்டி ஸ்பாஞ்சை வெட்டிக்கொண்டு வந்தார்.
கிருமி தங்கும் என்று திருப்பி அனுப்பினார் இன்சார்ஜ் லிஸியம்மா.
மறுநாள் ரப்பர். கழுவலாம், துடைக்கலாம்.
விளிம்பில் நாலு துண்டு.
பச்சை வந்துவிட்டது என்று சொன்னால் பொய்.
மஞ்சளில் நிற்கிறது.

நாங்கள் நாலு பேர், நாலு ஊர்.
சத்தம் கூடினால்
மெல்லெ என்பாள் பாலக்காட்டு ஷைனி,
மெல்லகெ என்பாள் ஹாசனத்து ரத்னமாலா,
மெல்ல என்பேன் நான்.
மணிப்பூர் தோய்பி ஒன்றும் சொல்லமாட்டாள்,
அலாரம் இரண்டாம் முறை அடிக்குமுன்
அவள் விரல் அங்கே இருக்கும்.

வேதவதிக்கு மேல்மாடியில்
ரத்தக்கொதிப்பு இன்னும் இறங்கவில்லை.
மார்போடு வைத்திருந்த துணித்துண்டு மட்டும்
தினம் கீழே வருகிறது, அவன் கன்னத்துப் பக்கம்.
அதனால் இன்று அப்பன் முறை.
சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டுக் கேட்டார்,
"என் நெஞ்சு சத்தம் போடுமே சிஸ்டர்?"
போடட்டும். அதற்கு மீட்டர் கிடையாது.

தவளை மாதிரி ஒட்டிக்கொண்டான்.
துணி சுற்றிக் கட்டினேன், தொப்பியைச் சரிசெய்தேன்,
பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுக்கொண்டேன்.

நாலு பத்துக்குக் காது மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போனது.
யாரென்று திரும்பிப் பார்த்தால்
குறட்டை.
சவுண்டு சர்வீஸ்காரர் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.
மகனைப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன்.
தொண்ணூற்றைந்து.
விழி ஓடவில்லை. விரல் விறைக்கவில்லை.
இதுதான் ஆழ்ந்த தூக்கம்.

எழுப்பவில்லை. அந்த ஸ்டூலை விட்டு நகரவுமில்லை.
சார்ட்டில் "உறக்கம்" என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
ஒரு கட்டம்தான் இருந்தது.