எலிக்கணக்கு

கெய்யோன் துறைமுகத்தில்
மீன்வாடை அடிக்காத ஒரே அறை என்னுடையது.
இங்கே எலிவாடை.

செவ்வாய்தோறும் ஒரு நெகிழிப்பை வரும்.
மேலே பென்சிலில் விரிகுடாவின் பெயர், நாள், ஆழம்.
உள்ளே பன்னிரண்டு கறுப்புச் சிப்பிகள்
வாயை இறுக மூடிக்கொண்டு,
விசாரணைக்கு இழுத்துவரப்பட்டவர்களைப் போல.

சதையை வழித்து, அரைத்து, அமிலத்தில் காய்ச்சி
வடித்த நீரில் ஒரு மில்லி.
இருபது கிராம் எலியின் அடிவயிற்றில் ஊசி.
பிறகு கடிகாரத்தை அமுக்கிவிட்டு
எலியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.
அதுதான் வேலை.
கடைசி மூச்சை நிமிடம் நொடியோடு எழுத வேண்டும்.

சிவப்பு ஓதம் என்று பெயர் வைத்தவன்
எங்கள் கடலைப் பார்த்ததில்லை.
மார்ச் மாதம் முழுக்கத் தண்ணீர்
கழுவிக் கவிழ்த்த கண்ணாடிக் குவளை போலிருந்தது.
கண்ணில் படாத அந்தப் பாசி
சிப்பிக்குச் சோறு.
தின்று கொழுத்தது. ஒன்றுகூடச் சாகவில்லை.
வந்ததை வடிகட்டி வைத்துக்கொண்டது,
யாருக்கென்று தெரியாமலே.

ரெமிகியோ குவென்தேயோ ஜன்னலைத் தட்டுவார்.
இருபத்தாறு வருடம்
காற்றுக்குழாயைப் பல்லில் கடித்தபடி
கடலடியில் சிப்பி பிடுங்கியவர்.
ஒரு காது போய்விட்டது, அதனால் கத்துவார்:
"எத்தனை நிமிஷம்?"
நான் விரலைக் காட்டுவேன்.
நான்கு.

ஊரே அப்போது எலிக்கணக்கில்தான் பேசியது.
ரொட்டிக்கடையில் கடன் சொன்னால்
"முதலில் எலி பிழைக்கட்டும்" என்றாள் ஒதிலியா.
பள்ளி முற்றத்தில் பிள்ளைகள்
விழுந்து, காலை உதறி, செத்து விளையாடினார்கள்.
நெடுஞ்சாலையில் மூன்று நாள் டயர் எரிந்தது.
ரெமிகியோ மோட்டாரை விற்றார்.
படகையும் விற்கப் பார்த்தார்,
மோட்டார் இல்லாத படகை எவன் வாங்குவான்.

"சாந்தியாகோ எலி. சொகுசில் வளர்ந்தது.
குளிரில் சாகிறது" என்றார் ஒருநாள்.
"நம்மூர் எலிக்குப் போட்டுப் பார்."
வேகவைத்தால்?
போகாது.
எலுமிச்சை?
போகாது.
கேட்டவருக்கே தெரியும்.
அவர் தம்பி எவாரிஸ்தோ முன்னொரு கோடையில்
ஒரு தட்டு தின்றுவிட்டு
உதடு மரத்துப்போகிறது என்று சிரித்தான்.
விரலும் என்றான்.
அப்புறம் நெஞ்சு மூச்சிழுக்க மறந்தது.
கண் திறந்தே இருந்தது,
சுற்றி அழுதவர்களை எல்லாம் கேட்டபடி.

ஐந்து. ஐந்தே கால். ஏழு.
ஜூலையில் ஒன்பது.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்
மூன்று எலிகளும் கூண்டைச் சுற்றி வந்தன.
பத்து நிமிடம்.
பதினைந்து.
ஒன்று உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டது.
"சாவு இல்லை" என்று எழுதினேன்,
கையெழுத்துப் போட்டேன்.
பிழைத்ததை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பது விதி.
விதிப்படி செய்தேன்.
அதற்கு நிமிடம் எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

வெள்ளி மாலை ரெமிகியோ வீட்டுக்கு வந்தார்.
இரவல் மோட்டார், புது வாளி,
வாளி வழியச் சிப்பி.
கொதிநீரில் ஒவ்வொன்றாய் வாய் திறந்தன,
ஏழு மாதம் அடக்கிவைத்ததைச் சொல்ல வந்தவை போல.
உள்ளே மஞ்சள் சதை, கொஞ்சம் மணல்.
முதலில் நீ, என்றார்.

தின்றேன். நல்ல உப்பு.
இன்னொன்று.
நாக்கு தானாக உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது.
அவர் இன்னும் தட்டைத் தொடவில்லை.
கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு
என்னைப் பார்க்கிறார்.