சத்தம் என்ன விலை

பாலத்தை நடந்தே கடந்தோம்.
மோட்டார் சைக்கிள்காரன் கேட்ட காசில்
ஒரு கேபிள் வரும் என்றான் வால்மோர்.
கீழே பரானா ஆறு,
யாருடைய பட்ஜெட்டுக்கும் கட்டுப்படாத செம்மண் நிறத்தில்.

பையில் ஒரு சீட்டு. ஓட்டல் சலவைச் சீட்டின் பின்புறம்,
மேல்பாதி என் கையெழுத்து, கீழ்ப்பாதி அவனுடையது.
நானூற்று முப்பது டாலர்.
அதில் இருபது, இந்தச் செருப்பையே
இன்னொரு மாதம் தைத்துப் போட்டுக்கொண்டால்.

சியுதாத் தெல் எஸ்தே.
போர்வைக் கடை, வாசனைத் திரவியக் கடை, தூண்டில் கடை எல்லாவற்றுக்கும் மேலே
மூன்றாம் மாடியில் எர்மெலிந்தா.
ஒரு கையில் தெரெரே குவளை,
மறு கையில் ப்ராசசர்.
அரிசியில் கல் பார்ப்பவளைப் போல
விளக்கடியில் திருப்பித் திருப்பி
ஊசிக்கால்களில் கோணல் தேடுகிறாள்.
"ஆறு கோர் போதும். எட்டு எதற்கு,
ஊருக்கா சமைக்கப் போகிறீர்கள்?"

மதர்போர்டு: விளக்கு எரியாதது.
எரிந்தால் பதினெட்டு டாலர் கூடுதல்.
ரேம் எட்டும் எட்டுமாக ஜோடி.
ஒற்றைக் குச்சி, ஒற்றைச் செருப்போடு ஓடுவது மாதிரி
(செருப்பைப் பற்றி எனக்குத் தெரியும்).
கேபினெட்: அட்டைப்பெட்டியைவிட ஒரு படி மேல்.

கிராபிக்ஸ் கார்டு பழசு.
அணைக்குப் பக்கத்தில் ஏதோ கொட்டகையில்
இரண்டு வருடம் நாணயம் தோண்டியது.
எங்களைப் போல ஷிஃப்ட் வேலைதான்,
ஆனால் எல்லா ஷிஃப்டும் அதுவே.
வால்மோர் அதை முகர்ந்து பார்த்தான்.
"தீய்ந்த வாடை இல்லை," என்றான்,
முலாம்பழம் வாங்குகிறவனின் குரலில்.

பவர் சப்ளையில் மட்டும் பேரம் பேச
எர்மெலிந்தா விடவில்லை.
யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்காதே
என்பதை அவள் குவாரனியில் எப்படிச் சொன்னாளோ,
எனக்கு அப்படித்தான் கேட்டது.

மிச்சம் முப்பத்தெட்டு டாலர்.

அலமாரியில் இன்னொரு கார்டு இருந்தது.
கூடுதல் விலை சரியாக முப்பத்தெட்டு.
எங்கள் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்ததைப் போல.
அறுபது ஃப்ரேம் தொண்ணூறாகும்.
வால்மோர் அதை எடுத்தான்.
பெட்டியின் முதுகைப் படித்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

அறை ஒன்று. கட்டில் ஒன்று, மேசை ஒன்று,
நடுவே மூன்று அடி.
சலவை முடிந்து காலை ஏழரைக்கு நான் படுக்கும்போது
அவன் எழுந்து விளையாட உட்காருவான்.
மதியம் பஸ் பணிமனைக்கு அவன் போகும்வரை
பழைய மெஷின் அரவை மில்லாக ஓடும்.
ஆறு மாதமாகத்
தலையணையைத் தலைக்கு மேலே வைத்துத் தூங்குகிறேன்.
அவனிடம் சொன்னதில்லை.

கார்டை இருந்த இடத்திலேயே வைத்தான்.
"ஃபேன் காட்டுங்கள்," என்றான்.
"சத்தமே இல்லாத ஃபேன்."

எல்லாம் சத்தமில்லாததுதான் என்றாள் அவள்.
அந்த மாடியில் இடி விழுந்தாலும் சத்தமில்லாததுதான்.
அவன் நகரவில்லை.
கடைசியில் ஒரு பேட்டரியும் நான்கு ஃபேனும் எடுத்துக்கொண்டு
கிடங்குக்குள் எங்களைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.
பிரிண்டர் பெட்டிகளுக்கு நடுவே
இருட்டில் மூன்று பேர், மூச்சைப் பிடித்துக்கொண்டு.
முதலாவது கொசு.
இரண்டாவது தூரத்து லாரி.
மூன்றாவதைப் போட்டபோது
"ஆன் செய்யுங்கள்" என்றான் வால்மோர்.
"செய்து ஒரு நிமிஷம் ஆச்சு."

அதில் இரண்டும், ப்ராசசர் தலைக்கு ஒரு கூலரும்:
முப்பத்தாறு.
இரண்டு டாலருக்குச் சூடாகச் சீப்பா.
எல்லைச் சாவடியில் பில்லைப் பார்த்த அதிகாரி,
"அந்தப் பக்கம் வெயில் அதிகமோ?" என்று கேட்டார்.

இப்போது காலை எட்டு மணி.
மெஷின் ஓடுகிறதா என்று
அதன் மேல் கை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
ஆனால் சீட்டில் எழுத மறந்த ஒன்று இருக்கிறது:
கீபோர்டு.
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதைப் போல
வால்மோர் யாரையோ சுட்டுக்கொண்டிருக்கிறான்,
அடியில் ஓட்டல் துண்டை நான்காக மடித்து வைத்து,
ஒவ்வொரு சாவுக்கும்
உதட்டை மட்டும் அசைத்துத் திட்டியபடி.